ஆறு கால் எழுத்து

அட்டவணையில் ஒரு வரிக்குத்தான் இடம்:
‘சிப்பாய், ஆயுதத்துடன். இடம் தெரியவில்லை.’
காலையிலிருந்து இதைப்
பதினேழு முறை தட்டிவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பியெலினென் ஏரி
கல்லாய்க் கிடக்கிறது.
லீக்சாவில் இன்று விடிந்ததே பத்து மணிக்கு.
இரண்டரைக்கு இருட்டிவிடும்.
அதற்குள் ஒரு பெட்டியை முடி என்கிறாள் சைலா.

பெட்டிக்குச் சொந்தக்காரர்
படையின் பல் டாக்டர், ஹெலாண்டர்.
ஒரு கையில் குறடு, மறு கையில் காமிரா.
அதனால்தானோ என்னவோ
படங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நெகடிவில் பனி கரி.
முகமும் கரி.
துப்பாக்கி மட்டும்
பால் ஊற்றிக் கழுவியதுபோல் வெள்ளை.
பிரதி எடுத்தால்
அவரவர் நிறம் அவரவருக்குத் திரும்பும்.

ஆர்மஸ் ஹூட்டினென் அதை
அடுத்தவர் குழந்தையை வாங்கியதுபோல் வைத்திருக்கிறான்,
தலை எங்கே, கால் எங்கே என்று தெரியாமல்.
தவ்னோ பிக்கரைனென் இடுப்போடு அணைத்து
முகவாயைத் தூக்கியிருக்கிறான்;
தொப்பி இரவல், காதுவரை இறங்குகிறது.
மூன்றாமவன் பெயரை எலி தின்றுவிட்டது.
ஒரு பூட்ஸுக்குக் கயிறு இருக்கிறது,
மற்றதற்குக் கம்பி.

வட்டத் தோட்டாப் பெட்டி,
துளைகள் போட்ட குழல் உறை,
பிர்ச் மரக் கட்டை.
கட்டையின் அடியில் ஒரு தீக்காயம்,
யாரோ அடுப்பின் மேல் மறந்து வைத்தது,
புளியங்கொட்டை அளவு.

ஆர்மஸிடம் அந்தக் காயம்.
தவ்னோவிடமும்.
கம்பி கட்டிய பூட்ஸ்காரனிடமும்.

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக்
காப்பி போட்டுக்கொண்டேன்.

மொத்தக் கூட்டத்துக்கும் ஒன்றே ஒன்று.
மற்றவர்களுக்கு நீளத் துப்பாக்கி,
நிமிடத்துக்கு நாலு குண்டு போட்டால் அதிகம்.
ஆனால் வீட்டுக்கு அனுப்பும் படத்தில்
பழைய துப்பாக்கியோடு எவன் நிற்பான்?
வரிசையில் நின்றிருக்கிறார்கள், சூப்புக்கு நிற்பதுபோல.
தோட்டாப் பெட்டியும் காலி.
மணிக்கட்டில் கனமே இல்லை, பாருங்கள்.

அறுபதாவது நெகடிவுக்குப் பிறகு
ஆர்மஸைக் காணவில்லை.
துப்பாக்கியையும் காணவில்லை.
முப்பது சட்டங்கள்: மரம், பனி, வண்டிக் குதிரை,
மீண்டும் மரம்.

தொண்ணூற்றாறில் துப்பாக்கி வந்துவிட்டது.
எனக்குத் தெரியாத ஒரு பையன் கையில்.
அதே புளியங்கொட்டைக் காயம்.
பக்கத்தில் புதிதாய் ஒன்று,
கத்திமுனையால் பொறுமையாகச் செதுக்கியது:
ஆறு கால் விரித்த பூச்சிபோல் ஓர் எழுத்து.

எங்கள் மொழியில் அந்த எழுத்து இல்லை.
எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

போய் வந்திருக்கிறது.
அங்கே ஒரு குளிர்காலம் தங்கி,
ஒருவன் பெயரின் முதல் எழுத்தை வாங்கிக்கொண்டு.
அங்கே இருந்தபோது யாரைப் பார்த்து வெடித்தது
என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் தவ்னோவின் படங்களும்
எங்கே நிற்கின்றன என்று தேட வேண்டும்.

பெட்டியின் அடியில் ஓர் உறை. ‘கைப்பற்றியவை.’
உள்ளே நெகடிவ் இல்லை. ஒரே ஒரு பிரதி,
சட்டைப்பைக்காக நாலாய் மடித்தது.
நட்சத்திரத் தொப்பி.
கட்டை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது,
காயமும் பூச்சியும் தெரியும்படி,
காட்டுவதற்காகவே.

அவன் மட்டும் சிரிக்கிறான்.
வாய் நிறைய.
அவனை எடுத்தவர் பல் டாக்டர் இல்லையே.

நான் ‘சிப்பாய், ஆயுதத்துடன்’ என்று தொடங்கி
அழித்தேன்.
‘ஆயுதம், சிப்பாய்களுடன்’ என்று போட்டேன்.
சைலா திருத்துவாள். திருத்தட்டும்.

இரண்டரை ஆகிவிட்டது.
விளக்கைப் போட்டுப் படத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம் பென்சிலில்,
ஹெலாண்டரின் சின்னக் கையெழுத்து,
தேதி இல்லை:

‘மேல் வரிசை, இடது, இரண்டாவது பல் இல்லை.
யாரோ அவசரத்தில் பிடுங்கியிருக்கிறார்கள்.
காப்பாற்றியிருக்கலாம்.’